‘கெட்’ என்ற சொல் ‘கிட்டு’விலிருந்து வந்ததா?

போன சனிக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உயர்நிலை இரண்டில் படிக்கும் அவள் மகள் ஒரே மூச்சில் கேட்டாள்: “மாமா, இங்கிலீஷ் கட்டுரையில ‘கெட்’ வரவே கூடாதுன்னு எங்க டீச்சர் சொல்லிட்டாங்க. அது சோம்பேறிச் சொல்லாம். ஆனா அகராதியில பார்த்தா பத்தி பத்தியா அர்த்தம் போட்டிருக்கு. ஒரு சொல்லுக்கு எப்படி இவ்வளவு அர்த்தம் வந்துச்சு? அது நம்ம ‘கிட்டு’தான்னு வாட்ஸ்ஆப்பில ஒண்ணு வந்துச்சே, அது உண்மையா? அப்புறம், அமெரிக்காக்காரங்க ‘காட்’டுக்குப் பதிலா ‘காட்டன்’னு சொல்றது தப்பா?”

ஆங்கிலம் கற்பித்தே ஓய்வு பெற்றவன் நான். அன்று மேசையில் சொன்னது அரைகுறையாக நின்றுவிட்டது. அவளைப் போலவே இந்தக் கேள்வி உள்ள வேறு பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உதவட்டும் என்று முழுதாக எழுதுகிறேன்.

முதலில் ‘கிட்டு’. உண்மையில்லை. ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது, ஆனால் உறவு கிடையாது. ‘கிட்டு’ என்ற நம் சொல்லின் அடிப்படைப் பொருள் நெருங்குவது. ‘கிட்ட வா’, ‘கிட்டத்தட்ட’, ‘கிட்டப்பார்வை’ எல்லாம் அதிலிருந்து வந்தவை. எட்டாமல் இருந்தது நெருங்கி வந்தால் கைக்குச் சிக்கும், அதனால் ‘கிட்டியது’ என்றால் ‘கிடைத்தது’ என்றாயிற்று. ‘கெட்’ அப்படித் தொடங்கிய சொல் அல்ல. அதன் வேரில் இருப்பது கையால் பற்றுவது, பிடிப்பது.

இன்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களை அருகருகே வைத்து, இது அதிலிருந்து வந்தது என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்லும் செய்திகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, தமிழின் பெருமைக்கு அந்த முட்டு தேவையே இல்லை. சொற்களின் உறவைக் கண்டுபிடிக்க ஒலி மாற்றங்களில் ஒரு ஒழுங்கு தென்பட வேண்டும். நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே பாருங்கள். நாம் ‘பால்’ என்பதைக் கன்னடர் ‘ஹாலு’ என்பார்கள். பத்து அங்கே ‘ஹத்து’, புலி அங்கே ‘ஹுலி’. சொல்லின் முதலில் தமிழில் ‘ப’ இருந்தால் கன்னடத்தில் ‘ஹ’ இருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். ஒன்றிரண்டு சொல்லில் தற்செயலாக நேர்ந்தது அல்ல, வரிசையாக நேர்ந்தது. அதனால்தான் உறவு என்கிறோம்.

ஐரோப்பிய மொழிகளிலும் இப்படி ஒரு வரிசை இருப்பதை 1822இல் யாக்கோப் கிரிம் விதியாக எழுதிவைத்தார். தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான். லத்தீனில் ‘த’கரம் போல மெல்லென ஒலிக்கும் ‘ட்’ ஆங்கிலத்தில் வல்லென்ற ‘ட்’ ஆகும். லத்தீனில் பத்துக்கு ‘தெகெம்’, ஆங்கிலத்தில் ‘டென்’. இரண்டுக்கு அங்கே ‘துவோ’, இங்கே ‘டூ’. லத்தீனில் ‘ஹ’ வரும் சில இடங்களில் ஆங்கிலத்தில் ‘க’ வரும்: அங்கே ‘ஹோஸ்திஸ்’, இங்கே ‘கெஸ்ட்’. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ‘கெட்’டின் லத்தீன் உறவு ‘ஹெந்த்’ என்று இருக்க வேண்டும். இருக்கிறது. ‘ப்ரெஹெந்தெரெ’ என்றால் லத்தீனில் பற்றுதல், கைப்பிடியாகப் பிடித்தல். நடுவில் உள்ள ‘ன்’ ஒலி இந்தக் குடும்பத்தில் சில வடிவங்களில் வரும், சிலவற்றில் வராது.

அந்த லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாகவும் நேராகவும் ஆங்கிலத்துக்கு வந்து ஒரு பெரிய குடும்பமே ஆகிவிட்டது. பிடித்து அடைக்கும் இடம் ‘பிரிசன்’. மனத்தால் பிடிப்பது ‘காம்ப்ரிஹெண்ட்’. தொழிலைக் கற்றுப் பிடித்துக்கொள்ள வந்த பயிலுநர் ‘அப்ரெண்டிஸ்’. எதிர்பாராமல் வந்து நம்மைப் பிடித்துக்கொள்வது ‘சர்ப்ரைஸ்’. ‘கெட்’டும் ‘பிரிசன்’னும் சொந்தக்காரர்கள் என்று காதால் கேட்டு யாராலும் சொல்ல முடியாது. ‘கெட்’டும் ‘கிட்டு’வும் சொந்தம் என்று காது உடனே சொல்லிவிடும். இரண்டு இடத்திலும் காது தவறு செய்கிறது.

இங்கே தமிழ் எப்படி நடந்திருக்கிறது என்று பார்த்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். நம் ‘கொள்’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். பெறு, பற்று, உள்ளே அடக்கு என்றெல்லாம் பொருள். பிறர் பொருளை வலிந்து கொண்டால் கொள்ளை. மனத்தில் பற்றிக் கொண்டது கொள்கை. பாத்திரம் எவ்வளவு கொள்ளுமோ அது கொள்ளளவு. பெண் கொண்டு பெண் கொடுத்தால் கொள்வினை கொடுப்பினை. லத்தீன்காரர்களுக்கும் நமக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. ஆனாலும் கையால் பிடிப்பதில் தொடங்கிய சொல், ஒரு பக்கம் கொள்ளைக்கும் மறு பக்கம் கொள்கைக்கும் போனது. ‘எனக்குப் பிடிபடலை’ என்று நாம் சொல்வதும், ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்று ஆங்கிலேயர் சொல்வதும் ஒரே படம்: கை நீட்டுகிறோம், பொருள் நழுவுகிறது.

இனி அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் எப்படி நுழைந்தது என்ற கதை. ‘கெட்’ பிறந்தபோது ஆங்கிலச் சொல் இல்லை. ஸ்காண்டினேவியாவிலிருந்து கடல் வழியே வந்த வைக்கிங்குகள் என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறீர்களே, அவர்களுடைய பழைய நோர்ஸ் மொழியில் ‘கெட்டா’ என்றால் அடைதல், பெறுதல், பிள்ளை பெறுதல், ஊகித்தல். 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடினார்கள். 865இல் பெரும்படையாக வந்து இறங்கி, வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்துக் குடியேறினார்கள். கொள்ளையடிக்க வந்தவர்கள் உழவர்களாகவும் வணிகர்களாகவும் அக்கம்பக்கத்தாராகவும் ஆன பிறகுதான் மொழி கலந்தது. 1200 வாக்கில் ‘கெட்’ ஆங்கில எழுத்தில் தென்படத் தொடங்குகிறது.

சண்டைக்காரர்கள் விட்டுப்போன சொற்கள் வாளும் கப்பலுமாக இருக்கும் என்று நினைப்போம். உண்மையில் அவை வீட்டுச் சொற்கள். முட்டை, கத்தி, சன்னல், வானம், கணவன், சட்டம் ஆகியவற்றுக்கு இன்று ஆங்கிலம் வழங்கும் சொற்கள் நோர்ஸ் தந்தவை. ‘அவர்கள்’ என்பதைக் குறிக்கும் ‘தே’கூட அங்கிருந்து வந்ததுதான். எல்லாவற்றையும் விட எனக்கு வியப்பானது இது: கொடு, எடு, பெறு என்ற மூன்றிலும் நோர்ஸின் கை இருக்கிறது. ‘டேக்’ நேராக நோர்ஸ். அதற்கு முன் ஆங்கிலேயரிடம் ‘நிமன்’ என்ற சொந்தச் சொல் இருந்தது, ‘டேக்’ அதைத் துரத்திவிட்டது. உணர்வு ‘எடுக்கப்பட்ட’ நிலையான ‘நம்ப்’ என்ற மரத்துப்போதலில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கிவ்’ பழைய ஆங்கிலத்திலும் இருந்த சொல்தான், ஆனால் அவர்கள் அதை ‘ய’கரம் போட்டு உச்சரித்தார்கள். இன்றைய வல்லென்ற ‘க’ நோர்ஸ் வாயிலிருந்து வந்தது.

இந்த ‘ய’வுக்கும் ‘க’வுக்கும் நடந்த இழுபறி முட்டையிலும் நடந்தது. இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490இல் ஒரு முன்னுரையில் எழுதியிருக்கிறார். தேம்ஸ் ஆற்றுப் பக்கம் கரையிறங்கிய ஒரு வணிகர் ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ கேட்டாராம். எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று அந்த வீட்டம்மா சொல்லிவிட்டாராம். அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது, கோபம் வந்துவிட்டது. கூட இருந்தவர் ‘எய்ரன்’ என்று சொன்ன பிறகே அம்மாவுக்குப் புரிந்தது. ஒரே நாட்டுக்குள் இரண்டு முட்டை. நோர்ஸ் முட்டைதான் கடைசியில் வென்றது.

பழைய ஆங்கிலத்திலும் ‘கெட்’டின் உடன்பிறப்பு ஒன்று இருந்தது, ஆனால் அது தனியாக நிற்காது, முன்னால் ஏதாவது ஒட்டினால்தான் வரும். அப்படி ஒட்டியவற்றில் இரண்டு இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஒன்று ‘ஃபர்கெட்’. முன்னால் உள்ள ‘ஃபர்’ விலகிப் போவதைக் காட்டும். பிடியிலிருந்து விலகுவது, அதாவது நினைவின் பிடி நழுவுவது, மறதி. இன்னொன்று ‘பிகெட்’, பிள்ளை பெறுவது. இரண்டும் முதலில் ‘ய’கரத்தோடு ஒலித்து, பின்னர் நோர்ஸ் ‘கெட்’டைப் பார்த்து ‘க’கரத்துக்கு மாறிக்கொண்டன. ஊகத்தைக் குறிக்கும் ‘கெஸ்’ என்பதும் இதே குடும்பம் என்பது மொழியறிஞர்கள் கருத்து. சரியாகத் தெரியாததைக் குத்துமதிப்பாகப் பிடிக்கப் பார்ப்பதுதானே ஊகம்.

‘பிகெட்’ என்று சொன்னேனே, அங்கேதான் நாம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பொருளை அடைவதற்கும் ஒரு குழந்தை பிறப்பதற்கும் ஒரே சொல்லை வைத்தது நோர்ஸ் மட்டும் அல்ல. தமிழில் ‘பெறு’. பரிசு பெற்றாள், பிள்ளை பெற்றாள். நம்மைப் பெற்றவர்கள் பெற்றோர். கடிதப் பயிற்சியில் அனுப்புநருக்குக் கீழே எழுதுகிறோமே, அந்தப் பெறுநரும் பெற்றோரும் ஒரே வினையிலிருந்து வந்தவர்கள். அந்த வினை நீண்டு ‘பேறு’ ஆகும்போது பாக்கியம் என்றும் பொருள், பிரசவம் என்றும் பொருள். திருவள்ளுவர் இந்த இரண்டு பொருளையும் ஒரே குறளுக்குள் வைத்திருக்கிறார்: ‘பெறுமவற்றுள் யாமறிவ தில்லை அறிவறிந்த மக்கட்பேறு அல்ல பிற.’ பெறக்கூடியவற்றுள் எல்லாம் சிறந்தது எது என்று கேட்டு, அறிவுள்ள மக்களைப் பெறுவது என்கிறார். ‘பெறுமவை’யில் தொடங்கி ‘பேறு’க்கு வந்து நிற்கும் இந்த நடையை ஆங்கிலத்தில் கொண்டுவருவது கடினம், ஏனென்றால் இன்றைய ஆங்கிலத்தின் பொது வழக்கில் ‘கெட்’ தனியாக நின்று பிள்ளையைக் குறிப்பதில்லை. கன்னடத்தில் என்ன ஆயிற்று என்று முன்பு சொன்ன விதியை வைத்து நீங்களே சொல்லலாம்: அங்கே ‘ஹெறு’, பிள்ளை பெறுவதற்கு மட்டுமே நின்றுவிட்டது. மலையாளத்தில் ‘பெற்றம்மா’ என்றால் பெற்ற தாய்.

சிங்கப்பூரில் ஒரு தலைமுறையே இந்தப் ‘பேறு’ என்ற சொல்லின் கீழ் பிறந்தது. பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை, இன்றைய கேகே, டேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. 1966இல் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. ‘பேறு பார்க்கப் போயிருக்காங்க’ என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஆங்கிலத்திலும் இந்தப் பிள்ளைப் பொருள் மூலையில் ஒதுங்கி வாழ்கிறது. குதிரை வளர்ப்பவர்கள் ஒரு பொலிகுதிரையின் குட்டிகளை அதன் ‘கெட்’ என்பார்கள். தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை என்று ஏசும் சொல்லாகவும் அது மாறி, பிரிட்டனில் ‘கிட்’ என்று திரிந்து, முட்டாள், உதவாக்கரை என்ற வசையாக நிற்கிறது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிய மென்பொருளுக்கு அந்த வசையையே பெயராக வைத்தார். நம் வீவக அடுக்குமாடி வீடுகளில் எத்தனை பேர் கணினி வேலையில் தினமும் ‘கிட்’ என்று தட்டுகிறார்கள்! அதுதான் இது. ஆக, ‘கிட்டு’ போல ஒலிக்கும் ஒரு உறவு ‘கெட்’டுக்கு உண்மையில் இருக்கிறது, ஆனால் அது தமிழ் அல்ல.

இனி, இவ்வளவு பொருள் எப்படி வந்தது என்ற கேள்வி. ஒன்றிலிருந்து ஒன்றாக வந்தது. பொருளைப் பெறுவது முதலில். பிறகு தன்னைத்தானே ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், ஒஃபீலியாவைக் கன்னிமாடத்துக்குப் போகச் சொல்லும் வரியில் ‘கெட் தீ’ என்பான், உன்னை நீயே அங்கே கொண்டுபோ என்று பொருள். அந்த ‘உன்னை’ தேய்ந்து மறைந்ததும் வெறும் ‘கெட்’ போய்ச் சேர்வதைக் குறித்தது: வீடு வந்து சேர்வது, எழுந்திருப்பது, பேருந்தில் ஏறுவது. ஓர் இடத்துக்குப் போவது போலவே ஒரு நிலைக்கும் போகலாம் அல்லவா? அப்படித்தான் கோபம் வருவது, வயதாவது, இருட்டுவது எல்லாம் ‘கெட்’ ஆயின. பிறகு, நமக்கு நேர்வது: பிடிபடுவது, அடிபடுவது, நனைவது. கையில் தொடங்கிய வினை, கையே இல்லாத இடத்துக்கு வந்துவிட்டது.

தமிழ் இதே வழியில் வேறு சொற்களைக் கொண்டு நடந்தது. ‘வாங்கு’ என்ற சொல் கடையில் காசு கொடுத்து வாங்குவதற்கும் உண்டு, அப்பாவிடம் திட்டு வாங்குவதற்கும் உண்டு. ‘கொள்’ துணைவினையாகி மாட்டிக்கொண்டான், கோபித்துக்கொண்டாள் என்று ஒட்டிக்கொண்டது. ஆனால் ஓரிடத்தில் இரண்டு மொழிகளும் முகம் திருப்பிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் நான் சளியை ‘கெட்’ செய்கிறேன். தமிழில் சளி என்னைப் பிடிக்கிறது. வேலையும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ‘நான்’ எழுவாய், தமிழில் ‘எனக்கு’ வேலை கிடைத்தது. முயன்று அடைந்ததையும் தானாக வந்ததையும் நாம் பிரித்துச் சொல்கிறோம், ‘கெட்’ பிரிப்பதில்லை. அதனால்தான் துணைப்பாட வகுப்புகளில் பிள்ளைகள் மொழிபெயர்க்கும்போது ‘நான் சளியைப் பெற்றேன்’ என்று எழுதி வைக்கிறார்கள். அகராதியில் முதல் பொருளாக இருப்பதைத் தூக்கிப் போட்டால் அப்படித்தான் வரும். யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள், பிறகு தமிழ் எழுது என்று நான் சொல்வது வழக்கம்.

நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு இன்னும் இரண்டு வளர்ச்சி உண்டு. உணவங்காடியில் மேசைப் பக்கம் வந்து ‘காட் சீட்?’ என்று கேட்டால், இடம் இருக்கா என்று பொருள். இங்கிலாந்தில் ‘ஹேவ் காட்’ என்றால் வைத்திருப்பது. பெற்றுவிட்டால் நம்மிடம் இருக்கும் அல்லவா, அந்த வழி. நம் ஊர்ப் பேச்சு ஆங்கிலமான சிங்லிஷில் அது இன்னொரு படி போய், வெறுமனே இருப்பதையே குறிக்கிறது. காரணம், பக்கத்து வீட்டு மொழிகள். சீனத்தில் ‘யோவ்’ என்பதும் மலாயில் ‘அடா’ என்பதும் உடைமைக்கும் இருப்புக்கும் ஒன்றே. நமக்கும் ‘இருக்கு’ அப்படித்தான்: என்கிட்ட காசு இருக்கு, அங்க கடை இருக்கு. மூன்று இனத்தாரின் தாய்மொழியும் ஒரே பக்கம் இழுத்ததால்தான் அந்தக் ‘காட்’ இங்கே இவ்வளவு உறுதியாக வேர்விட்டது என்பது என் கருத்து.

இன்னொன்று ‘கெனா’. மலாயில் ‘கெனா’ என்றால் படுவது, தாக்கப்படுவது. மழையில் நனைந்தால் கெனா, அபராதம் விழுந்தால் கெனா, ஆசிரியரிடம் திட்டு வாங்கினால் கெனா. பரிசு கிடைத்தால் அதைச் சொல்லமாட்டோம். ஆங்கில ‘கெட்’ நல்லது கெட்டது இரண்டுக்கும் பொது. நம் பேச்சுத் தமிழின் ‘அடிபட்டான், அவமானப்பட்டான்’ என்பதில் வரும் ‘படு’தான் கெனாவுக்கு மிக நெருக்கம். பெறுவதைப் பற்றிப் பேசும்போது மலாயின் இன்னொரு சொல்லையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ‘தெரிமா’ என்றால் பெற்றுக்கொள், ‘காசே’ என்றால் அன்பு. நாளெல்லாம் இங்கே நாம் கேட்கும் நன்றிச் சொல் அது, அன்பைப் பெற்றேன் என்கிறது.

ஆசிரியை போட்ட தடைக்கு வருகிறேன். தடைக்கு நியாயம் இருக்கிறது. எல்லா இடத்திலும் ‘கெட்’ போட்டால் பிள்ளை வேறு சொல் தேட மாட்டாள். ஆனால் ‘சோம்பேறி’ என்ற பட்டத்தை நான் ஏற்கவில்லை. இவ்வளவு உழைக்கும் சொல் ஆங்கிலத்தில் குறைவு. ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘அக்வையர்’ என்ற பெரிய சொற்கள் அதைவிட உயர்ந்தவையாகத் தோன்றுவதற்குக் காரணம் வரலாறு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பின் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. மேலே இருந்தவர்கள் சொல் மரியாதைச் சொல்லாயிற்று, அடுப்பங்கரைச் சொல் சாதாரணச் சொல்லாயிற்று. வேரைப் பார்த்தால் ‘ரிசீவ்’ என்பதும் திரும்ப எடுத்துக்கொள்வதுதான். ‘ரெசிபி’ அதன் உடன்பிறப்பு. ‘எடுத்துக்கொள்!’ என்று மருத்துவர்கள் மருந்துச் சீட்டின் தலையில் எழுதிய லத்தீன் கட்டளை, பின்னர் சமையல் குறிப்புக்கு வந்தது. கடையில் தரும் ‘ரிசீட்’ என்பதும் அங்கிருந்து வந்ததுதான். நம் ‘ரசீது’ மட்டும் அதன் திரிபு இல்லை. அது ‘வந்து சேர்ந்தது’ என்று பொருள்படும் பாரசீகச் சொல். இதுவும் காது செய்யும் தவறுதான்.

ஆகையால் மருமகளே, கடிதம், அறிக்கை எழுதும்போது டீச்சர் சொன்னபடி செய். கதையில் ஒரு பையன் பேசும்போது அவன் வாயில் ‘அக்வையர்’ வைத்துவிடாதே.

‘காட்டன்’ தவறா என்று கேட்டாய். தவறில்லை, அதுதான் பழைய வடிவம். கடல் கடந்து போனவர்கள் அதைக் கைவிடவில்லை, பிரிட்டனில் இருந்தவர்கள் ‘காட்’ என்று சுருக்கிக்கொண்டார்கள். அவர்களும் ‘ஃபர்காட்டன்’ என்பதை மட்டும் சுருக்கவில்லை, முறைகேடாகச் சேர்த்த பணத்தை இன்றும் ‘இல் காட்டன்’ என்றுதான் சொல்கிறார்கள். நம் பள்ளிகள் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுவதால் தேர்வில் ‘காட்’ என்றே எழுது.